பழைய பிக்கப்பில் கறள்: தண்ணி போன வழியே போய்ப் பார்ப்பது

ஆவணி பிறந்தால் எங்கள் கராஜ் வாசலில் கேட்கிற வசனம் ஏறக்குறைய ஒன்றுதான்: "அண்ணை, மாரிக்கு முன்னம் இந்தக் கப்பை ஒருக்கா அடைச்சுத் தாங்கோ." கப் என்றால் பிக்கப்பில் ஆட்கள் இருக்கிற முன்கூடு. அந்த 'அடைச்சு' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. நான் பார்த்த கறளில் (துருவில்) முக்கால்வாசி, யாரோ எப்போதோ எதையோ அடைத்ததால் வந்தது. பழைய வாகனத்துக்குள் தண்ணி வரத்தான் செய்யும். செய்தவனுக்கும் அது தெரியும். அதனால்தான் வந்த தண்ணி வெளியே போக அங்கங்கே சின்னச் சின்ன வழி வைத்திருக்கிறான். அந்த வழி மூடி, தண்ணி நிற்கத் தொடங்கிய இடத்தில் தகரம் உக்குகிறது.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டபோதும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய பிக்கப் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எட்டுகிற விலையில்லை. இடையில் பின்வளவில் கோழி அடைகிடந்த பிக்கப் எல்லாம் எழும்பி றோட்டுக்கு வந்துவிட்டது. இஞ்சினைப் பற்றி யாரும் அவ்வளவு பயப்படுவதில்லை. பழைய டீசல் இஞ்சின் பொறுமைசாலி, சாமானும் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். கப்பின் தகரம்தான் ஆளைக் கொல்கிறது.

வேலையைத் தொடங்க முன் ஒரு கேள்வி: இந்த வாகனம் இவ்வளவு நாளும் எங்கே, என்ன ஏற்றி உழைத்தது? முல்லைத்தீவில் மீன் ஏற்றியதென்றால் ஆசனத்துக்குப் பின்னாலுள்ள சுவரின் அடியைத்தான் முதலில் பார்ப்பேன். ஐஸ் கரைந்த உப்புத்தண்ணி பின்னாலுள்ள சாமான் பெட்டிக்கும் கப்புக்கும் இடையில் வழிந்து அங்கேதான் நிற்கும். விசுவமடு, துணுக்காய்ப் பக்கம் நெல் ஏற்றியதென்றால் கதவின் அடி. மரத்துக்குக் கீழே வருடக்கணக்காக நின்றதென்றால் கண்ணாடிக்கு முன்னாலுள்ள பள்ளமும் கூரையின் விளிம்பும். எல்லா நேரமும் சரிவராது, ஆனால் தேடுகிற நேரத்தைப் பாதியாகக் குறைக்கும்.

மழை பெய்தால் காலடியில் ஈரம். ஓட்டை ஒன்றையும் காணவில்லை

ஆசனத்தைக் கழற்றி, றப்பர் மெற்றையும் அதற்கடியிலுள்ள பஞ்சையும் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். அந்தப் பஞ்சு கால் வாளித் தண்ணியைக் குடித்துவிட்டு மேலால் காய்ந்ததுபோல் கிடக்கும். அது மூன்று நாள் வெயில் பட்டும் மணக்கிறதென்றால் எறிந்துவிடுங்கள், திரும்பப் போடவேண்டாம்.

இனித்தான் முக்கியமான இடம். தண்ணி அடித்துக் கழுவ முந்தி நன்றாகப் பாருங்கள். எங்கள் மண் சிவப்பு. கோடை முழுக்கப் புழுதி உள்ளே படியும். மழைத்தண்ணி அதன்மேல் ஓடினால் கோடு விழும். கழுவிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். போன வருடம் ஒரு சிங்கிள் கப் (ஒற்றை வரிசை ஆசனமுள்ள பிக்கப்) வந்தது. சாரதிப் பக்கத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. சொந்தக்காரர் கீழிருந்து சில்லு அடிக்கிற தண்ணிதான் என்று சத்தியம் பண்ணாத குறை. ரோச்சை வைத்துக்கொண்டு மிதிகளுக்கு மேலே தலையை விட்டுப் பார்த்தேன். கறுப்புச் சுவரில் செங்கோடு ஒன்று, பென்சிலால் கீறினதுபோல, டாஷ்போட்டுக்குப் பின்னாலிருந்து நேரே இறங்கி வந்தது. வைப்பருக்குக் கீழேயுள்ள கம்பிவலையைக் கழற்றினால் உள்ளே ஒரு சுளகு நிறைய வேப்பஞ் சருகு, உக்கி உரமாகி, அதில் ஒரு புல்லும் முளைத்திருந்தது. அந்தப் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் வடிகிற வழி உண்டு. முன் சில்லுக்குப் பின்னால் போய்த் திறக்கும். இரண்டும் அடைத்து, தண்ணி மேலெழும்பி, காற்று வருகிற வாயால் கப்புக்குள் இறங்கியிருக்கிறது. தரையை மட்டும் வெல்டிங்கில் ஒட்டிக் கொடுத்திருந்தால் இரண்டு மாரிக்குப் பிறகு அதே மனிதர் அதே ஓட்டையோடு வந்திருப்பார்.

கோடு தெளிவாக இல்லையென்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே ரோச்சோடு, ஒருவர் வெளியே குழாயோடு. உள்ளே பொருத்துகளில் சோக்குத் தூளைத் தடவிவிடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். தண்ணியைக் கீழிருந்து தொடங்கி மேலே கொண்டுபோங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எது குற்றவாளி என்று தெரியாது. முதலில் கதவடி, பிறகு கதவு றப்பர், பிறகு வைப்பர்ப் பள்ளம், பிறகு கண்ணாடி றப்பர், கடைசியில் கூரை விளிம்பு. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது பொறுங்கள். அவசரப்பட்டால் முதல் இடத்துத் தண்ணி இரண்டாவது இடத்தில் நிற்கும்போது வந்து உங்களை ஏமாற்றும்.

கதவால் வருகிறதென்றால் கதவின் உள்மட்டையைக் கழற்றிப் பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருக்க வேண்டும். கண்ணாடிக்குள்ளால் தண்ணி கதவுக்குள் இறங்குவது இயல்பு. அதைக் கப்புக்குள் வரவிடாமல் தடுப்பது அந்தத் தாள்தான். ஸ்பீக்கர் பூட்டினவர்கள் அதைக் கிழித்தெறிந்துவிட்டுப் போயிருப்பார்கள். தடித்த பொலித்தீனை வெட்டி ஒட்டினால் காரியம் முடிந்தது. தகர வேலையே இல்லை.

கண்ணாடி றப்பரால் வருகிறதென்று சொல்லி வெளியால் சிலிக்கன் பூசுவது வழக்கமாகிவிட்டது. கடையில் மலிவாகக் கிடைக்கிற, வினாகிரி மணக்கிற சிலிக்கன் இறுகும்போது விடுவது அதே வினாகிரி அமிலம்தான். அது கீழேயுள்ள இரும்பைத் தின்னும். பூசினவருக்கு ஒழுக்கு நின்ற சந்தோசம், உள்ளே கறளுக்கு விருந்து.

கோடையில் உள்ளே புழுதி

இரவில் கப்புக்குள் பெரிய பல்ப் ஒன்றை எரியவிட்டு, வெளியே குனிந்து படுத்துப் பாருங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் ஓட்டை. சோக்கால் வட்டம் போட்டு வையுங்கள். கியர்ப் பெட்டி மூடியின் றப்பர் கிழிந்தாலும் புழுதி வரும். அதைப் பார்க்காமல் வெல்டிங் ஆளைக் கூப்பிடவேண்டாம்.

பெயின்ற் கொப்புளம் போட்டிருக்கிறது

கொப்புளம் சின்னதுதானே என்று தேய்த்துப் பூசிவிடுவது எல்லாரும் செய்கிற பிழை. வெளியால் கீறல் விழுந்து வந்த கறள் பரந்து, மேலோட்டமாக இருக்கும். கொப்புளமாக எழும்புவது பெரும்பாலும் உள்ளிருந்து வருவது. கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் பெயின்றைத் தள்ளிக்கொண்டு எழும்புகிறது. இரண்டு தகரம் சேருகிற பொருத்து விரிந்து நிற்பதும் அதே காரணத்தால்தான்.

மழுங்கின ஸ்குறூ டிரைவரால் அமத்திக் குத்திப் பாருங்கள். பயந்து குத்தினால் பொய் சொல்லும். உள்ளே போனால் அந்த இடம் வெட்டுக்கு உரியது. போகவில்லை, தகரம் இறுக்கமாக நின்று மேலே குழிகுழியாக மட்டும் இருக்கிறதென்றால் மருந்து போதும்: கம்பிப் பிரசால் பளபளக்கும்வரை சுரண்டி, பொஸ்பாரிக் அமிலம் கலந்த கறள் மருந்து பூசி, கழுவி, அன்றைக்கே காயவைத்து, எபொக்சிப் பிறைமர். ரனின் சேர்ந்த மருந்தும் உண்டு. பூசினால் கறள் கறுப்பாக மாறும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கறுப்புச் சாயம் எடுத்தார்களே, அதே வேலைதான். ஆனால் எந்த மருந்தும் போன இரும்பைத் திருப்பித் தராது. செதில் செதிலாகக் கழருகிற கறளின்மேல் பூசினால், செதில் விழும்போது மருந்தும் சேர்ந்து விழும்.

சிலர் பற்றரி அசிட்டை ஊற்றிக் கறள் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இரும்பு பளிச்சென்று வரும், உண்மைதான். பொருத்துக்குள் இறங்கின அசிட்டை யார் கழுவுவது? அது அங்கேயே இருந்து மாதக்கணக்காகத் தின்னும். கண்ணில் பட்டால் கதை வேறு.

கதவின் அடி விளிம்பு வெடித்து, மண்ணிறத் தண்ணி வடிகிறது

கதவின் கீழ் விளிம்பில் தண்ணி போக ஓட்டைகள் உண்டு, சின்னப் பிளவுபோல. நெல் வாகனத்தில் அவற்றை அடைப்பது உமியும் பதரும். காற்றோடு கண்ணாடி இடுக்கால் இறங்கி, அடியில் சேர்ந்து, மழை நனைந்ததும் களிபோல இறுகும். வெயிலடித்து வெளியெல்லாம் காய்ந்தாலும் அந்தக் களி ஒரு கிழமைக்கு ஈரமாகவே இருக்கும். பழைய சைக்கிள் கம்பியை வளைத்து ஒவ்வொரு ஓட்டையையும் குத்தி எடுங்கள், உள்ளிருந்து தண்ணி அடித்துக் கழுவுங்கள். வெளியில் கொப்புளம் ஒன்றும் இல்லாத கதவுக்கும் இதை வருடத்தில் ஒருதரம் செய்யலாம், காசு செலவில்லை.

விளிம்பு போய்விட்டதென்றால் உள்ளிருக்கிற தகரமும் வெளித்தகரமும் மடித்துச் சேர்கிற அந்த மடிப்பையே வெட்டவேண்டும். வெளித்தகரத்தை மட்டும் மாற்றி, மடிப்புக்குள் கறளை விட்டுவைப்பது வீண். உள்மடிப்புக்கு முதலில் தகரக் கீற்று வெட்டி ஒட்டி, பிறகு வெளித்தகரம். கடைசியில் தண்ணி போகிற ஓட்டையைத் திரும்பப் போட மறக்கவேண்டாம். நானே ஒருமுறை மறந்திருக்கிறேன். மழைக்குப் பிறகு கதவைத் திறந்தால் உள்ளே 'சளக் சளக்' என்று தண்ணி ஆடியது. சொந்தக்காரர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

நேற்றுவரை பூட்டின கதவு இன்றைக்குப் பூட்டுதில்லை

இந்த அடையாளத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கீல் தேய்ந்திருக்கலாம், கதவைத் திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஆடினால் கீல். ஆடவில்லையென்றால் கப்பே இறங்கியிருக்கிறது. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலும் கீழும் பாருங்கள். ஐந்து ரூபாய்க் குற்றி மேலே போகிறது, கீழே போகவில்லை என்றால், கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டியோ, சாசியில் (வாகனத்தின் அடிச்சட்டத்தில்) கப் உட்காருகிற கால்களோ உக்கிவிட்டது என்று அர்த்தம்.

பெட்டியைச் சுத்தியலின் பிடியால் நீளத்துக்குத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகரம் 'டங்' என்னும். உக்கினது 'சொத்' என்னும். மூன்றாவது ஒரு சத்தமும் உண்டு: மதிலைத் தட்டினதுபோல, செத்த சத்தம். அது கேட்டால் உள்ளே யாரோ எதையோ வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்தப் பாடம் சொந்தக் காசில் வந்தது. நான் வேலை பழக முந்தி, எங்கள் வீட்டுப் பிக்கப்பை ஒரு கராஜில் கொடுத்து இரண்டு பக்கப் பெட்டியும் செய்வித்தோம். பெயின்ற் கண்ணாடிபோல இருந்தது. ஒன்றரை வருடத்தில் அடி விழுந்தது. வெட்டித் திறந்தால் கசக்கின பத்திரிகைத் தாள், அதற்குமேல் சீமெந்து, அதற்குமேல் பட்டி (பள்ளம் நிரவப் பூசுகிற களி), அதற்குமேல் பெயின்ற். தாள் இன்னும் ஈரம். ஒரு மரண அறிவித்தலை வாசிக்கக்கூட முடிந்தது. சீமெந்து தண்ணியை உறிஞ்சி, விடாமல் வைத்திருக்கும். தாள் அதற்குத் திரி. இரண்டும் சேர்ந்து, ஓட்டையாக விட்டிருந்தால் ஐந்து வருடம் நின்றிருக்கக்கூடிய பெட்டியை ஒன்றரை வருடத்தில் முடித்துவிட்டன.

பெட்டியும், கப்பின் கால்களும், ஆசனம் பூட்டுகிற இடமும், ஆசனப்பட்டி பூட்டுகிற இடமும் பாரம் தாங்குகிறவை. இந்த நாலு இடத்திலும் பட்டி, பைபர், றிவெற் எதுவும் ஆகாது. இரும்பை வெட்டி இரும்பை ஒட்டவேண்டும். வெட்ட முந்திக் கதவு வாசலின் குறுக்கே ஒரு கோண இரும்பை மேலும் கீழும் தொட்டு ஒட்டி வையுங்கள். இல்லாவிட்டால் பெட்டியை வெட்டினதும் வாசல் ஒரு நூல் மூடிக்கொள்ளும், பிறகு கதவு சாகும்வரை சேராது. கப்பின் பாரத்தை ஜக்கிலும் முதிரைக் கட்டையிலும் ஏந்தி, ஒரு பக்கத்தை முடித்த பிறகு மற்றப் பக்கம். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவேண்டாம். கால்களுக்கு 2 மில்லிமீற்றர் தகடு, பெட்டிக்கு 1.2 போதும். ஒட்ட முந்திக் கதவைப் பூட்டிப் பாருங்கள், அரைவாசி ஒட்டினதும் திரும்பப் பூட்டிப் பாருங்கள்.

கூரை விளிம்பிலிருந்து மண்ணிறக் கண்ணீர்; கண்ணாடி மூலையில் வெடிப்பு

கூரையைச் சுற்றி ஓடுகிற பீலியில் இரண்டு தகரம் சேருகிறது. அந்தச் சேர்விலுள்ள பசை முப்பது வருட வெயிலில் வெடித்துவிடும். வெடிப்பு மயிரளவுதான், ஆனால் தண்ணி உள்ளே போய் வேறெங்கோ போய் வடியும். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, கீழே இரும்பு நல்லதென்றால் மருந்து, பிறைமர், பொருத்துக்குப் பூசுகிற பொலியுறெதேன் பசை. பழைய பசைக்கு மேலே புதுப்பசை பூசுவது வேலையல்ல.

கண்ணாடி மூலை கொஞ்சம் வில்லங்கம். றப்பருக்குக் கீழே கறள் வீங்கிக் கண்ணாடியைத் தள்ளும். கல் படாமலே மூலையிலிருந்து வெடிப்பு ஓடும். கண்ணாடியைக் கழற்றாமல் இதைச் செய்ய முடியாது. றப்பரில் நிற்கிற பழைய கண்ணாடியென்றால் உள்ளிருந்து இரண்டு பேர் துணி சுற்றின கையால் மெல்லத் தள்ளி எடுக்கலாம்; காய்ந்து கல்லான றப்பரென்றால் வெட்டி எறிந்துவிட்டுப் புது றப்பர் வாங்குவது கண்ணாடி வாங்குவதைவிட மலிவு.

தண்ணி நிற்காத இடத்தில் ஒரு கறள் வட்டம்

கூரை நடுவில், கதவின் நடு உடம்பில், பின்சுவரில், ஒரு காரணமும் இல்லாமல் விரல் நுனியளவு கறள் வட்டம். மேலே பட்டி. எங்கள் பக்கத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இது விளங்காது. பட்டியைத் தட்டி எடுத்தால் கீழே ஓரம் உள்ளே மடிந்த ஓட்டை இருக்கும். போரில் விழுந்த செல் (எறிகணை) துண்டு பட்டது. 2009இல் போர் முடிந்த பிறகு திருப்பி எடுத்து ஓடவிட்ட வாகனங்களில் இது சாதாரணம். சொந்தக்காரரிடம் விபரம் கேட்பதில்லை, அவராகச் சொன்னால் கேட்பேன். உள்ளே மடிந்த ஓரத்தை இரும்புக் கட்டை பிடித்துத் தட்டி நிமிர்த்தி, வட்டமாக அரத்தால் சுத்தமாக்கி, அதே அளவு தகரவட்டம் வெட்டி ஒட்டுங்கள். கதவென்றால் மறுபக்கத்தையும் பாருங்கள். உள்ளே போன துண்டு அடியில் கிடந்து தண்ணி வழியை அடைத்திருந்ததை இரண்டு தரம் கண்டிருக்கிறேன்.

இன்னும் பழசும் உண்டு. தொண்ணூறுகளில் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் சீமெந்து, இரும்பு, பற்றரி, எரிபொருள் எதுவும் ஒழுங்காக வராது. பெற்றோல் கார் மண்ணெண்ணெயில் ஓடின காலம். அப்போது தகரம் ஒட்ட ஏது காஸ்? அலுமினியத் துண்டை றிவெற் அடித்து, மேலே தார் பூசினார்கள். அந்தக் காலத்துக்கு அது கெட்டித்தனம், குறை சொல்லமாட்டேன். ஆனால் அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் இரண்டில் ஒன்றைத் தின்னும், துண்டைச் சுற்றி வெள்ளைத்தூள் பூத்திருப்பது அதனால்தான். தாரை எடுக்க விடியப்புறம் வாருங்கள். குளிரில் உளியால் தட்டினால் சில்லுச் சில்லாகக் கழரும். வெயிலேறினால் பாகு. தார் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நெருப்புப் பிடிக்கவே வேண்டாம்.

ஒட்டும்போது வருகிற கோளாறுகள்

கோளாறுக்கு முன் நெருப்பு. பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், அல்ரனேற்றர் வயரையும். ஒட்டுகிற தகரத்தின் மறுபக்கம் என்ன ஓடுகிறதென்று கையால் தடவிப் பாருங்கள்: பிரேக் குழாய், டீசல் குழாய், வயர்க் கட்டு, பஞ்சு. நனைத்த சாக்கு, ஒரு வாளித் தண்ணி, மறுபக்கத்தில் ஒரு ஆள். வேலை முடிந்து அரைமணி நேரம் அங்கேயே தேத்தண்ணி குடியுங்கள். பஞ்சு உள்ளே புகைந்து பிறகுதான் எரியும்.

தகரம் பொத்துப் பொத்தென்று ஓட்டையாகிறதென்றால் மூன்று காரணம். ஒன்று, இன்னும் கறளின்மேலேயே ஒட்டுகிறீர்கள். குத்தின ஓட்டையிலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளி, நல்ல இரும்பு பளபளக்கிற இடம்வரை வெட்டுங்கள். மனம் வராது, தெரியும். வெட்டுங்கள். மூலைகளை வளைவாக வெட்டினால் பிறகு அங்கே வெடிக்காது. இரண்டு, சூடு கூட. கப்பின் வெளித்தகரம் 0.8 மில்லிமீற்றர் அளவுதான். 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் கோலால் கேற் ஒட்டுகிறமாதிரி இழுத்தால் காகிதம்போல எரியும். கோல் வைத்து ஒட்டுகிற இன்வேட்டர் மெசின் மட்டுமே இருக்கிறதென்றால் 2 மில்லிமீற்றர் கோல், 40 அம்பியர் சுற்றில், கோல் பிடிக்கிற வயரை மைனஸில் போட்டு, பின்னால் தடித்த செப்புத் துண்டைப் பிடித்துப் பொட்டுப்பொட்டாக வையுங்கள். மிக் மெசின் (கோலுக்குப் பதில் வயரும் காஸும் வைத்து ஒட்டுவது) என்றால் 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர் வயர், இந்த வேலைக்கு அதுதான் நான் விரும்புவது. மூன்று, இடைவெளி. மட்டையில் அச்சு வெட்டி, அந்த அச்சில் தகரத்தை வெட்டுங்கள். கண்ணளவு போதாது.

ஒட்டு தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வருகிறதென்றால் மெசினைத் திட்டவேண்டாம், காற்றைப் பாருங்கள். சோளகம் (தென்மேல் காற்று) அடிக்கிற காலத்தில் திறந்த கொட்டிலில் மிக் ஒட்டினால், ஒட்டைக் காக்கிற காஸைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். ஒரு பக்கம் தறப்பாளைக் கட்டுங்கள். உங்களுக்கு மூச்சுவிட மற்றப்பக்கம் திறந்திருக்கட்டும். மாலையில் எல்லா வீட்டிலும் லைற் போட்டபிறகு ஒட்டு பிடிக்காமல் மேலே குந்தினால் அது வோல்ற்றேஜ். நீட்டு வயரை விட்டுவிட்டுத் தடித்த வயரில் இழுங்கள், அல்லது காலையில் செய்யுங்கள்.

தகரம் அப்பளம்போல நெளிந்துவிட்டது என்பது அவசரத்தின் அடையாளம். ஒரு பொட்டு வைத்தால் அடுத்தது எதிர்ப்பக்கம், மூன்றாவது வேறு மூலை. ஒரு அங்குலத்துக்கு ஒரு பொட்டு. கை வைக்கக்கூடிய சூடு வந்த பிறகுதான் இடையில் அடுத்த பொட்டு. ஒரு வெளித்துண்டுக்கு எனக்கு அரை நாள் போகும், அதில் பாதி சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. ஈரத்துணியால் குளிரப்பண்ணுகிறவர்கள் நெளிவை அவர்களே கூட்டிக்கொள்கிறார்கள்.

தகரம் எங்கே எடுப்பது? பூச்சில்லாத புதுத் தகடு 1 மில்லிமீற்றர் வாங்கினால் தரைக்கு நல்லது. வெளிப்பக்கத்துக்குப் பழைய பொனற் ஒன்றின் நல்ல பாகம். கூரைக்குப் போடுகிற நாகத் தகரம் வேண்டாம். மெல்லிசு, அதோடு நாகம் எரிந்து எழும்புகிற வெள்ளைப் புகையை இழுத்தால் இரவு காய்ச்சல் நடுக்கம் வரும். பரல் தகரம் தடிப்பில் சரி, எங்கள் பக்கம் தாராளமாகவும் கிடைக்கும். ஆனால் எண்ணெய் இருந்த பரலை, வெறும் பரல்தானே என்று கிறைண்டரால் வெட்டவே கூடாது. உள்ளே நிற்கிற ஆவி வெடிக்கும். ஏற்கெனவே வெட்டித் திறந்து கழுவிக் கிடக்கிற பரலைத் தேடி எடுங்கள்.

தரையில் துண்டை அரை அங்குலம் மேலேற்றி ஒட்டலாம். இடையில் சிங்க் பிறைமர் பூசி, மேலும் கீழும் பசையால் மூடவேண்டும். வெளிப்பக்கத்தில் மேலேற்றவேண்டாம், விளிம்போடு விளிம்பு.

போன வருடம் செய்த இடமே திரும்பக் கொப்புளிக்கிறது

"அண்ணை, மருந்தெல்லாம் போட்டுத்தானே செய்தனாங்கள்?" என்று கேட்ட ஒரு தம்பியோடு அவன் செய்த இடத்தைத் திருப்பி உரித்துப் பார்த்தேன். தகரம் நல்லது, ஒட்டு நல்லது. பிழை நடந்தது பட்டிக்கும் பெயின்றுக்கும் இடையில். பட்டி தண்ணி குடிக்கும். பட்டிக்கு மேலே தண்ணி போட்டு மண்கடதாசியால் தேய்த்தால் அந்தத் தண்ணி உள்ளே இறங்கி இரும்பில் உட்காரும். அதற்குமேல் பெயின்ற் அடித்தால் ஈரத்தைப் போத்தலில் போட்டு மூடினதுபோல. பட்டியைக் காய்ந்த கடதாசியால் தேயுங்கள், 3 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பம் வேண்டாம், உடனே பிறைமர். சாதாரணப் பிறைமரும் ஈரத்தை விடும். அதை அடித்துவிட்டு, காசு வந்ததும் பெயின்ற் அடிப்பம் என்று இரண்டு மாதம் மழையில் ஓடினால் பிறைமருக்குக் கீழேயே கறள் ஓடிவிடும்.

இன்னொன்று, பின்பக்கம். ஒட்டின இடத்தின் உள்பக்கத்தில் பெயின்ற் எரிந்து வெறும் இரும்பாக நிற்கும். வெளியால் எவ்வளவு மினுக்கினாலும் கறள் அங்கிருந்துதான் கிளம்பும். பெட்டிக்குள்ளும் கதவுக்குள்ளும் எட்டாத இடத்துக்கு நீளக் குழாய் வைத்து மெழுகு மருந்து அடிக்கலாம். அது கிடைக்காவிட்டால் கிறீஸை நல்ல கியர் ஒயிலில் இளக்கி அடிப்பேன். கழிவு ஒயிலும் டீசலும் கலந்து அடியில் அடிப்பது இங்கே வழக்கம். ஒன்றுமில்லாததைவிட நல்லது என்பதற்குமேல் நான் சொல்லமாட்டேன்: கழிவு ஒயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், புழுதி ஒட்டிச் சேறாகும், கப்புக்குக் கீழேயுள்ள றப்பர்களை ஊதவைக்கும். எதை அடித்தாலும், அடித்த பிறகு கம்பியை எடுத்துக்கொண்டு தண்ணி போகிற ஓட்டை ஒவ்வொன்றையும் திரும்பக் குத்திவிடுங்கள்.

வெட்டின இரும்பை ஒரு இரவுகூட வெறுமையாக விடவேண்டாம். முல்லைத்தீவுப் பக்கமென்றால் கடற்காற்றில் விடியமுன் மஞ்சள் பூத்திருக்கும். அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவை மட்டும் வெட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மெற்றைப் போட்டு ஆசனத்தைப் பூட்டி அழகு பார்க்க ஆசை வரும். பொறுங்கள். ஆசனத்தை மட்டும் பூட்டி, வெறுந்தரையோடு ஓடுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஓய்ந்ததும், கதவைத் திறந்து, தரையின் நாலு மூலையிலும் பெட்டி ஓரத்திலும் கையை வைத்துப் பாருங்கள். கை காய்ந்து வந்தால் மெற்றை விரிக்கலாம்.